உள்ளி கருகின இடியப்பக் கொத்து

ஆனி மாதம் பிறந்தால் எங்கட குசினியில மச்சச் சட்டியள் எல்லாம் பரணுக்கு ஏறிவிடும். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறின நாளில இருந்து தேர், தீர்த்தம் முடியும் வரைக்கும் வேலணையில் இருக்கிற எங்கட வீட்டில மீனும் இல்லை, முட்டையும் இல்லை. அம்மம்மா நயினாதீவில் பிறந்தவா. கலியாணம் முடித்துத்தான் கடல் தாண்டி வேலணைக்கு வந்தவா. அதனால இந்த விசயத்தில் அவாவோடு யாரும் கதைச்சு வெல்ல ஏலாது.

நாங்கள் என்றால் மூன்று பேர். கம்பஸில் படிக்கிற ஒருத்தி, யாழ்ப்பாண ரவுணில வேலை செய்யிற ஒருத்தி, ஏ.எல். சோதனை எழுதிப்போட்டு முடிவுக்காகக் காத்துக்கொண்டிருந்த தம்பி. நாங்கள் சொல்லப்போகிற கதை 2022 ஆனியில் நடந்தது. அந்த ஆனியை இலங்கையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காஸ் இல்லை. பெற்றோல் வரிசை. கோதுமை மா ஏறின விலையில் பேக்கரியள் பூட்டிக்கிடந்தன. தேருக்குப் போக வள்ளத்துக்கு எண்ணெய் கிடைக்குமோ என்பதுதான் ஊர் முழுக்கக் கதை.

இந்த நேரத்தில்தான் எங்களுக்குக் கொத்து சாப்பிட ஆசை வந்தது.

கடையில் வாங்க ஏலாது. முதலாவது காரணம் விலை. இரண்டாவது காரணம் அம்மம்மா. "அந்தத் தட்டில எதை எதையெல்லாம் போட்டுக் கொத்தினவங்களோ, ஆருக்குத் தெரியும்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டா. மரக்கறிக் கொத்து என்று கேட்டாலும் அதே தகட்டில்தானே முட்டையும் இறைச்சியும் கொத்துப்படுகிறது. அது நியாயமான கேள்விதான். றொட்டி போடவும் வீட்டில் கோதுமை மா இல்லை. இருந்தது காலமையில் மிஞ்சின இடியப்பம் மட்டும். பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா அவிச்சு விற்கிற இடியப்பம் அது. அரிசிமா இடியப்பம்.

சரி, இடியப்பக் கொத்துப் போடுவம் என்று இறங்கினம்.

முதல் நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், நாங்கள் செய்தது கொத்து இல்லை, களி. இடியப்பம் காய்ஞ்சிருக்கே என்று கொதிதண்ணி தெளித்தோம். கோவாவையும் கரட்டையும் ஒன்றாகக் கொட்டி மூடி அவிய விட்டோம். கோவா விட்ட தண்ணியில் எல்லாம் ஊறிப்போனது. கடைசியில் நிறம் வரவில்லை என்று யாழ்ப்பாணத்துத் தூளை மேலால் தூவினோம். பச்சைத் தூள் மணத்தோடு, அகப்பையில் ஒட்டின மஞ்சள் கட்டி ஒன்றுதான் மிஞ்சியது. தம்பி ஒரு வாய் வைத்துப்போட்டு, "இதை நாய்க்கு வைப்பம்" என்றான்.

திண்ணையில் இருந்த அம்மம்மா கேட்டா: "எத்தினை இடியப்பம் போட்டனியள்?"

"ஒரு இருபது இருக்கும் அம்மம்மா."

"இருபது இடியப்பம் எண்டால் ஒரு கொப்பியும் ஒரு பேனையும்."

அதுக்கு மேல அவா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எழும்பிக் கிணத்தடிக்குப் போய்விட்டா. எங்களுக்கு அது என்ன கணக்கு என்று அப்போது விளங்கவில்லை.

அடுத்த பத்து நாளும் நாங்கள் விடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தோம். இப்ப ஆரும் வீட்டில் செய்து பார்க்க நினைத்தால், நாங்கள் பட்டது உங்களுக்கு மிச்சம்.

சுடச்சுட இருக்கிற இடியப்பம் சரிவராது. சோற்றைப் போலத்தான். அவிஞ்ச மா ஆறும்போது இறுகும். அந்த இறுக்கம் இருந்தால்தான் தாச்சியில் பிரட்டும்போது நூல் நூலாக நிற்கும். காலமை அவிச்சது பின்னேரத்துக்கு நல்லது. கையால் உதிர்த்து, சுளகில் பரப்பி, கொஞ்சம் காற்றுப்பட விட்டால் இன்னும் நல்லது. சிவப்பரிசி மா இடியப்பம் கெதியில் உடையும். வெள்ளைமா கொஞ்சம் தாங்கும். கடையில் விற்கிற அரிசி நூடில்ஸ் பக்கற்றிலும் ஒருக்கால் செய்து பார்த்தோம். அதைக் கொதிக்க விடக்கூடாது. சுடுதண்ணியில் ஊறவைத்து, நடு இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். மிச்சத்தைத் தாச்சிச் சூடு பார்த்துக்கொள்ளும்.

தூளை ஒருநாளும் கடைசியில் போடாதேங்கோ. நல்லெண்ணெய் சூடானதும் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம், உள்ளி. வெங்காயம் வதங்கினதும் அடுப்பைத் தணித்து ஒன்றரைக் கரண்டித் தூள். யாழ்ப்பாணத்துத் தூளில் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம் எல்லாம் ஏற்கெனவே வறுத்து இடிச்சதுதான். என்றாலும் அது எண்ணெயில் ஒரு பிரட்டல் பிரண்டால்தான் வாசம் எழும்பும். கருகவும் கெதி. கருகப்போகுது என்று கண்டால் உடனே இரண்டு மேசைக்கரண்டி கட்டித் தேங்காய்ப்பால் விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். அந்தப் பால்தான் இடியப்பத்தில் தூளைப் பிடிக்க வைக்கிறதும். கடைக்காரர் குழம்பு ஊத்திக் கொத்துவார்களே, அதுக்குப் பதில் இது.

மரக்கறியை வேற தாச்சியில், பெரிய நெருப்பில், கொஞ்சம் கொஞ்சமாக வதக்கி எடுங்கோ. மூடக்கூடாது. லீக்ஸும் கரட்டும் நுவரெலியாப் பக்கம் இருந்து யாழ்ப்பாணச் சந்தைக்கு வந்து, அங்க இருந்து பண்ணைப் பாலம் தாண்டித் தீவுக்கு வரவேணும். எண்ணெய் இல்லாத அந்த மாதத்தில் அது பொன் விலை. அதனால் பயித்தங்காயைச் சின்னனாக அரிந்து போட்டோம். வேலியில் நின்ற முருங்கையில் இலை உருவிப் போட்டோம். உண்மையில் லீக்ஸைவிட முருங்கையிலை எங்களுக்குப் பிடித்துவிட்டது. உப்பைப் பார்த்துப் போடுங்கோ. எங்கட கிணத்தில் உவர்த்தண்ணி. அந்தத் தண்ணியில் எதைச் செய்தாலும் அரைவாசி உப்புப் போட்ட மாதிரித்தான். இறக்கினபிறகு தேசிக்காய்ப் புளி.

காஸ் இல்லாதது உண்மையில் நல்லதாகப் போனது. பனை மட்டையும் ஊமலும் வைத்து எரித்தோம். ஊமல் எரிகிற சூட்டுக்கு எந்தக் காஸ் அடுப்பும் கிட்ட வராது. அந்தச் சூட்டில்தான் கொத்துக்கு உரிய அந்தப் புகை வாசம் வந்தது.

சோயா மீற் போடுவமா என்று தம்பி கேட்டான். "பேரிலேயே மீற் இருக்கு. இந்தப் பதினைஞ்சு நாளும் அது வீட்டுக்குள்ள வரப்படாது" என்றா அம்மம்மா. அது சோயாவில் செய்தது என்று எவ்வளவு விளங்கப்படுத்தியும் பலன் இல்லை.

இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். கனடாவில் இருக்கிற மச்சாள் வீடியோ கோலில் பார்த்துவிட்டு, "இது எங்கட சிங்கப்பூர் நூடில்ஸ்தானே" என்றாள். மெல்லிய அரிசி நூடில்ஸை மரக்கறியோடும் கறித்தூளோடும் பிரட்டினால் வெளிநாட்டுச் சீனக் கடையளில் அதுதான் பெயராம். தேடிப் பார்த்தால், அது சிங்கப்பூரில் பிறந்ததே இல்லை, ஹொங்கொங் சமையல்காரரின் வேலை என்றுதான் பொதுவாகச் சொல்லுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் தமிழர் கொண்டுபோன இடியப்பத்துக்கு 'புட்டு மாயம்' என்று பெயர். அதைத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் எலுமிச்சை சேவை, தேங்காய் சேவை என்று தாளித்துப் பிரட்டுகிறார்கள். கொங்குப் பக்கம் அதுக்குச் சந்தகை என்று பெயர். கொழும்பில் இடியப்பப் புரியாணி. அரிசிமாவை நூலாகப் பிழிந்த எல்லா ஊரிலும், மிஞ்சினதை என்ன செய்கிறது என்று யாரோ ஒருத்தி யோசித்திருக்கிறாள். நாங்கள் கடைசியாக வந்து சேர்ந்திருக்கிறம், அவ்வளவுதான்.

தேருக்கு முதல்நாள் இரவு, கொத்து ஒருமாதிரிச் சரிவந்த நாளில், கொப்பிக் கணக்கைக் கேட்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதியில் இருந்து சனம் வெளிக்கிட்டபோது எங்கட அம்மம்மாவும் வேலணையை விட்டு யாழ்ப்பாணம் போனவா. தாத்தா அப்போது இல்லை. மூன்று பிள்ளையள். பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கண்ணில் காணாத காலம். கையில் இருந்த சங்கிலியை விற்று அரிசியும் ஒரு இடியப்ப உரலும் வாங்கினாவாம். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி, ஊறப்போட்ட அரிசியை இடித்து, அரித்து, வறுத்து, பிழிந்து அவிப்பா. எங்கட அம்மா மூத்தவா. பள்ளிக்கூடம் போக முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கும் நாலைந்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பா. அந்த வீடுகளில் ஒன்று, அவாவோட ஒரே வகுப்பில் படித்த பிள்ளையின் வீடு.

"வகுப்பில எனக்கு 'இடியப்பம்' எண்டுதான் பேர்" என்றா அம்மா. "என்ர பேரைச் சொல்லி ஆரும் கூப்பிட்டதில்லை."

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோதும் அந்த உரல் அம்மம்மாவின் தோளில் தொங்கின பையில் போனதாம். திரும்பி வந்தபோதும் வந்ததாம். இப்பவும் பரணில் இருக்கிறது, மச்சச் சட்டியளுக்குப் பக்கத்தில்.

எங்கட அம்மா இடியப்பம் பிழிந்து நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. அம்மம்மாவுக்கு ஏலும்வரை அவாதான் பிழிந்தா. அவாவின் வலது தோள் தூக்கேலாமல் போனபிறகு வெளியில் வாங்கத் தொடங்கினம். அம்மாவுக்கு நேரமில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாளும் கேட்டதில்லை. அம்மம்மாவின் தோள் ஏன் அப்படிப் போனது என்றும் கேட்டதில்லை.

எங்களுக்கு உடனே பெருமையாக இருந்தது. இதை எழுதவேணும், எல்லாருக்கும் சொல்லவேணும் என்று துள்ளினம். அம்மா சொன்னா: "உங்களுக்கு அது கதை. எனக்கு அந்த வீட்டுக் கேற்."

அதுக்குப் பிறகு நாங்கள் வாய் திறக்கவில்லை. உழைப்பைப் பெருமையாகப் பேசுகிறது, அந்தப் பெட்டியைத் தூக்காத எங்களுக்குச் சுகம். வெட்கப்பட்டவாவைப் பார்த்து "ஏன் வெட்கப்பட்டனீங்கள்?" என்று கேட்கிற உரிமை எங்களுக்கு இல்லை. பெயர் வைத்த பிள்ளையளிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேணும்.

அடுத்த நாள் ஒருமாதிரி பஸ் பிடித்து, வாணர் பாலம் தாண்டிக் குறிகாட்டுவான் போய், வள்ளத்தில் நெரிபட்டு நயினாதீவுக்குப் போனோம். தேர் பார்த்தோம். அமுதசுரபி மண்டபத்தில் நிலத்தில் இருந்து அன்னதானம் சாப்பிட்டோம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று எங்கட ஊரில் சொல்லுவார்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். அன்றைக்கு அந்தப் பந்தியில் இருந்தபோது எங்களுக்கு வேற ஒன்றுதான் கண்ணில் பட்டது. குறையாமல் இருக்கிறதுக்குப் பின்னால் அடுப்படியில் ஆயிரம் கை நிற்கிறது.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி உரலை இறக்கினோம். இரண்டு நாளாகக் கழுவிக் காயவைத்து, மூன்றாம் நாள் நாங்களே மா குழைத்தோம். வறுத்த அரிசிமாவுக்குக் கொதிதண்ணி, அகப்பைக் காம்பால் கிண்டல். இறுகினால் பிழியேலாது, இளகினால் தட்டில் ஒட்டும். அம்மம்மா கதிரையில் இருந்து, "இன்னும் கொஞ்சம் தண்ணி, காணும், காணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. "பெடியனுக்கு அடுப்படிக்குள்ள என்ன வேலை?" என்று வழமையாகச் சொல்லுகிறவா, அன்றைக்குத் தம்பியைத்தான் முதலில் பிழியச் சொன்னா. பதினைந்தாவது இடியப்பத்தோடு அவன் கையை உதறினான். இருபத்தைந்தில் நாங்கள் மற்ற இரண்டு பேரும் விட்டோம். அம்மம்மா ஒரு நாளைக்கு இருநூறு பிழிந்திருக்கிறா.

மா இன்னும் அரைவாசி கிடந்தது. அம்மா உள்ளே வந்தா. ஒன்றும் கதைக்கவில்லை. உரலை வாங்கி, தட்டு தட்டாக, ஒரே அளவில், வட்டம் பிசகாமல் பிழிந்து வைத்தா. எங்களுக்கு ஒரு தட்டுப் பிழிகிற நேரத்தில் அவா நாலு பிழிந்தா. முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெளியில் போய்விட்டா. அதைப் பற்றி அவாவும் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின்னேரம் அந்த இடியப்பத்தில் கொத்துப் போட்டோம். பயித்தங்காய், முருங்கையிலை, கட்டிப்பால், தேசிக்காய். பக்கத்தில் மாங்காய்ச் சம்பல். ஐந்து பேரும் முற்றத்தில் இருந்து சாப்பிட்டோம். அம்மா இரண்டாம்தரம் போட்டுச் சாப்பிட்டா.

அம்மம்மா கோப்பையை வழித்துப்போட்டுச் சொன்னா: "பரவாயில்லை. உள்ளி கொஞ்சம் கருகிப்போச்சு."

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் போன கிழமைதான் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தா. "பேர் போடாமல் எழுதுங்கோ" என்றா. பிறகு குசினிக்குள் போய்க்கொண்டே திரும்பி, "ஒன்றரைக் கரண்டித் தூள் எண்டு எழுதாதேங்கோ, இருபது இடியப்பத்துக்கு ஒண்டு காணும்" என்றா.

ஒரு கரண்டி காணும்.