காதில் இருப்பதற்கு எதற்குத் தாள்?

ஹியூஸ்டனில் அலுவலக வேலை வியாழக்கிழமையோடு முடிந்தது. சிங்கப்பூர் திரும்பும் விமானம் செவ்வாய்க்கிழமை இரவுதான். உடன் வந்தவர்கள் விண்வெளி நிலையத்தைப் பார்க்கவும் கடைகளுக்குப் போகவும் திட்டம் போட்டார்கள். நான் மறுநாள் காலை நியூ ஆர்லியன்ஸுக்குப் பேருந்து ஏறினேன்.

“ஜாஸ் கேட்கவா போற?” என்றார் சக ஊழியர் ஒருவர்.

“இல்ல. எனக்குக் காது கேட்குதான்னு பார்க்கப் போறேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா செம்பவாங்கில் வளர்ந்தவர். இசை வகுப்பு எதற்கும் போனதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை பஜனைகளில் ஆர்மோனியம் அவர்தான். ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் மூன்றாவது முறை விரல்கள் கூடவே போகும். பாடுகிறவர் சுருதியை மாற்றினால் அவரும் மாற்றிக்கொள்வார். “கேள்வி ஞானம்தாம்மா, வேற என்ன” என்பார், ஏதோ குறையை ஒப்புக்கொள்வது போல.

அந்தக் குறை எனக்கு வரக்கூடாது என்றுதான் எட்டு வயதில் என்னைப் பியானோ வகுப்பில் சேர்த்தார். பதினேழு வயதில் எட்டாம் கிரேடு தேறினேன். சான்றிதழ் இன்றும் எங்கள் வீவக வீட்டின் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அப்பாவின் ஆர்மோனியம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அதை இறக்கி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

கடைசி மாதங்களில் அப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஒரு மாலை பழைய திரைப்பாடல் ஒன்றை முனகிவிட்டு, “இதக் கொஞ்சம் வாசியேம்மா” என்றார். நான் கைப்பேசியில் அந்தப் பாட்டின் இசைக்குறிப்பைத் தேடினேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “காதுல இருக்கறதுக்கு எதுக்கும்மா பேப்பர்?” என்றார். குறிப்பு கிடைத்துப் பதிவிறக்கி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். பிறகு அவர் கேட்கவில்லை. ஆறு வாரத்தில் போய்விட்டார்.

அதனால்தான் முப்பத்து நான்கு வயதில், காதால் பிறந்த ஓர் இசையின் ஊருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன்.

சுமார் 560 கிலோமீட்டர் பயணம். லூசியானாவுக்குள் நுழைந்த பிறகு அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 29 கிலோமீட்டர் நீளப் பாலம் வருகிறது. சிங்கப்பூரின் குறுக்களவில் பாதிக்கு மேல். இருபுறமும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் சைப்ரஸ் மரங்கள். சுங்கை பூலோ சதுப்புக் காட்டைப் பெரிய காடு என்று நினைத்திருந்த எனக்கு அது முடியவே முடியாதோ என்று தோன்றியது.

நியூ ஆர்லியன்ஸ் என்னை வரவேற்றது காப்பி வாசனையால். 1862 முதல் இயங்கும் கஃபே டு மோண்டில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தேன். நமக்கு நன்றாகத் தெரிந்த அதே சிக்கரி! கூடவே மாவுச் சர்க்கரை மலைபோல் கொட்டிய பென்யே பலகாரம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அங்கிருந்து ராம்பார்ட் தெருவைக் கடந்தால் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்கா. அதற்குள்தான் காங்கோ சதுக்கம் இருக்கிறது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் கொட்டி, ஆடிப் பாடிய இடம். 1817இல் நகர நிர்வாகம் அவர்கள் கூடுவதற்கு அந்த ஒரு நாள், ஓர் இடம் என்று கட்டுப்பாடு விதித்தது. அவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கவே பலருக்கு அனுமதி கிடையாது. ஆனால் அந்தத் தாளம் காது வழியே கைமாறிக்கொண்டே வந்தது.

பிற்காலத்தில் இந்த ஊரில் இரண்டு விதமான கறுப்பின இசைக்கலைஞர்கள் இருந்தார்கள். கிரியோல் என்று அழைக்கப்பட்ட கலப்பினக் குடும்பத்தினர் பலர் முறைப்படி இசை கற்றவர்கள், குறிப்பு பார்த்து வாசிப்பவர்கள். நகரின் மேற்புறத்தில் இருந்த ஏழைக் கலைஞர்கள் பலர் காதால் கற்றவர்கள். 1890களில் நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் இறுகியபோது, இரு தரப்பும் ஒரே பக்கம் தள்ளப்பட்டன. படித்தவரும் கேட்டவரும் ஒரே மேடையில் நின்றார்கள். அந்தச் சந்திப்பு ஜாஸ் உருவாக ஒரு காரணம் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள்.

அந்தத் தொடக்கக் காலத்தின் பெரிய பெயர் பட்டி போல்டன். கார்னெட் வாசித்தவர். அவருடைய வாசிப்பின் ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று இல்லை. முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1917இல். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மனநலம் குன்றி மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. கேட்டவர்களின் காதில் மட்டும் மிஞ்சியவர் அவர். அப்பாவின் ஆர்மோனியத்தையும் நாங்கள் பதிவு செய்து வைக்கவில்லை என்பது சதுக்கத்துக் கருங்கல் தரையில் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை ட்ரெமே வட்டாரத்தில் ஒரு வீடு. அறைக்குப் பின் அறையாக நீளும் பழைய மர வீடு. எழுபது வயதைத் தாண்டிய பியானோ கலைஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர வகுப்புக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருந்தேன். இசைக்குறிப்புக் கோப்பு ஒன்றைக் கையோடு கொண்டு போனேன். அவர் அதை வாங்கி, திறக்காமலேயே நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான்கு பார் வாசித்தார். “பாடு” என்றார்.

நான் பாடகி இல்லை என்றேன். பாட முடியவில்லை என்றால் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம், மறுபடி கேள் என்றார். ஐந்தாவது முறைதான் என் தொண்டையில் அது முழுதாக வந்தது. அதன் பிறகே பியானோவைத் தொட விட்டார். அதுவும் ஒற்றை விரலால். பிறகு இடது கையால் அடிச்சுரத்தை மட்டும் தேடச் சொன்னார். கடைசியில் அதே மெட்டை வேறு சுருதியில். எட்டாம் கிரேடு தேறிய நான், முதல் முறை தட்டச்சுப் பழகுபவளைப் போல் ஒவ்வொரு கட்டையாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு ப்ளூஸின் அமைப்பைக் காட்டினார். பன்னிரண்டு பார், பாருக்கு நான்கு தட்டு, ஆக மொத்தம் 48. மனதுக்குள் கணக்குப் போட்டேன்: ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம்! அடிப்படையில் மூன்றே சுரக்கூட்டுகள். நம் கணக்கில் ச, ம, ப என்ற மூன்று இடங்களில் நிற்பவை. முதல் நான்கு பார் ச. ஐந்தும் ஆறும் ம. ஏழும் எட்டும் மறுபடி ச. ஒன்பதில் ப, பத்தில் ம, கடைசி இரண்டில் வீடு திரும்புதல். இந்தச் சுற்றின் மேல்தான் ஆயிரக்கணக்கான பாடல்கள் நிற்கின்றன. சுற்று காதில் பதிந்துவிட்டால் எந்த ஊர்க் கலைஞரோடும் சேர்ந்து வாசிக்கலாம்.

இன்னொன்றும் காட்டினார். ப்ளூஸின் காந்தாரம் பியானோவில் இல்லை. நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது அது. அதனால் பியானோக்காரர்கள் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை உரசியபடி தட்டி, இல்லாத அந்தச் சுரத்தை இருப்பதுபோல் காட்டுகிறார்கள். பார்த்ததும் விரல்கள் சில்லிட்டன. கமகம் பேசாத ஆர்மோனியத்தில் அப்பாவும் இதையேதான் செய்வார். அதைத் தவறான கட்டை என்று பதின்ம வயதில் நான் திருத்தியிருக்கிறேன்.

இந்த வயதில் இதெல்லாம் வருமா என்று கேட்டேன். அவர் கிட்டார் மேதை வெஸ் மான்ட்கோமரியைச் சொன்னார். ஏறத்தாழ இருபது வயதில், சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். பகலில் தொழிற்சாலை வேலை, குடும்பம். இரவில் சத்தம் தொந்தரவாகக் கூடாதென்று மீட்டுவதற்குத் துண்டு வைத்துக்கொள்ளாமல் கட்டைவிரலால் மெதுவாக மீட்டினாராம். அந்த மென்மையே அவருடைய முத்திரையானது. குறிப்பு படிப்பதையும் அவர் மட்டமாகப் பேசவில்லை. ஆம்ஸ்ட்ராங் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் வாசித்த நாள்களில்தான் குறிப்பு படிப்பதில் தேர்ந்தார் என்றார். அவருக்குக் காது முதலில் வந்தது, கண் பிறகு. உனக்குத் தலைகீழ், அவ்வளவுதான் என்றார்.

அன்று மாலை செயின்ட் பீட்டர் தெருவில் பிரசர்வேஷன் ஹால் போனேன். 1961 முதல் இயங்கும் சிறிய கூடம். மர பெஞ்சுகள், பூச்சு உதிர்ந்த சுவர்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. யார் முன்னும் இசைக்குறிப்புத் தாங்கி இல்லை. ஒருவர் புருவத்தை உயர்த்தினால் இன்னொருவர் தொடங்குகிறார். நான் வழக்கம்போல் ஒன்றிலும் மூன்றிலும் கைதட்டினேன். பக்கத்திலிருந்த பாட்டி சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டிலும் நான்கிலும் தட்ட வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பிரெஞ்சுமென் தெருவில் ஒரு சிறிய மதுக்கூடத்தில், யார் வேண்டுமானாலும் ஏறி வாசிக்கக்கூடிய நேரம். ஆசிரியர் போகச் சொல்லியிருந்தார். ப்ளூஸ், எஃப் சுருதி என்றார்கள். என் முறை வந்தது. முதல் எட்டு பார் தப்பித்தேன். ஒன்பதில் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் கைகள் நின்றுவிட்டன. பேஸ் வாசித்தவர் என்னைப் பார்த்தபடி அடிச்சுரத்தை மட்டும் அழுத்தி வாசித்தார். அந்த ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறினேன். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த சுற்று வந்தபோது அதே இடத்தில் நான் இருந்தேன்.

இந்த ஊரில் இறுதி ஊர்வலத்துக்கும் இசைக்குழு உண்டு. இடுகாடு வரை மெதுவான துதிப்பாடல்கள். உடலை விடைகொடுத்து அனுப்பிய பிறகு, திரும்பும் வழியில் துள்ளல் இசை. தெருவே பின்னால் ஆடிக்கொண்டு வரும். பறையடித்து வழியனுப்பிய மரபில் வந்த நமக்கு அது அந்நியமில்லை. அப்பாவை மண்டாய்க்குக் கொண்டுபோன அன்று நான் எதுவும் வாசிக்கவில்லை. என்னிடம் தாள் இல்லை.

வீடு திரும்பிய வார இறுதியில் ஆர்மோனியத்தை இறக்கினேன். துருத்தியில் ஓர் ஓரம் கிழிந்திருந்தது, ஒட்டுநாடா போட்டேன். கைப்பேசியை வேறு அறையில் வைத்தேன். அப்பா கேட்ட பாட்டை முதலில் பாடிப் பார்த்தேன். பிறகு ஒற்றை விரல். பல்லவி வர முக்கால் மணி நேரம் ஆனது. சரணத்தின் மூன்றாவது வரியில் சிக்கிக்கொண்டேன். நான்கு முறை முயன்றும் வரவில்லை.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா அந்த வரியைப் பாடினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

“அந்த இடத்துல அப்பா கொஞ்சம் இழுப்பாரு” என்றார். “இன்னொரு தடவ வாசி.”