வேலியின் இருபுறமும்

விடுமுறை நாள்களில் குழந்தைகளை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்கிறோம். கூண்டிலுள்ள புலியைக் கண்டதும், “பாவம், வெளியே போக ஏங்குகிறதே!” என்கிறோம். வெளியேயிருந்து உள்ளே வர விரும்பிய புலியும் உண்டு என்றால் நம்புவோமா?

ஒடிசா மாநிலத்தில், புவனேசுவரத்துக்கு அருகே, சந்தகா காட்டையொட்டி அமைந்துள்ளது நந்தன்கானன் மிருகக்காட்சிச் சாலை. 1967-ஆம் ஆண்டில், காட்டுப் பெண்புலி ஒன்று தானாகவே இதனுள் புகுந்தது. அங்கிருந்த பிரதீப் என்னும் ஆண்புலியை நாடியே அது வந்தது என்றனர். ‘கானன்’ எனப் பெயரிடப்பட்ட அப்புலி, தன் எஞ்சிய நாள்களை அங்கேயே கழித்தது.

புலி தனித்து வாழும் விலங்கு. ஆயினும் இணைசேரும் பருவத்தில் அதன் குரல் வெகுதொலைவு கேட்கும். மரங்களிலும் புதர்களிலும் அது விட்டுச் செல்லும் வாடை, மற்றப் புலிகளுக்குச் செய்தியாகும். மதில் உடலைத் தடுக்கலாம். குரலையும் வாடையையும் தடுப்பதெங்ஙனம்?

2013-ஆம் ஆண்டில் மீண்டும் ஒரு காட்டுப்புலி அங்கு வந்தது, இம்முறை ஆண்புலி. அதனை அடைப்பில் வைத்துப் பராமரித்தனர். வேளை தவறாமல் இறைச்சி கிடைத்தது, துணையும் அருகிலிருந்தது. எனினும் சில வாரங்களுக்குள் அடைப்பைத் தாண்டி அது வெளியேறிவிட்டது. ஒன்று வந்து தங்கியது. மற்றொன்று வந்து திரும்பியது. விலங்குகளின் உள்ளத்தை நாம் முற்றும் அறிந்தோம் என்று யார் சொல்ல வல்லார்?

வேலி தாண்டி வருவது துணை மட்டுமன்று; நோயும் வரும். 2000-ஆம் ஆண்டு ஜூலையில், அதே சாலையில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் சில நாள்களுக்குள் மாண்டன. இரத்தத்தில் வாழும் நுண்ணுயிர் ஒன்றால் அவை மடிந்தன எனக் கண்டறியப்பட்டது. கால்நடைகளையும் காட்டு விலங்குகளையும் கடிக்கும் ஈக்கள் பரப்பும் நோய் அது. ஈக்கு மதில் ஏது?

ஆதலால், கூண்டிலுள்ள உயிர் காட்டைவிட்டு முற்றிலும் பிரிந்ததன்று. காட்டின் குரல் அதற்குக் கேட்கிறது. அதன் குரல் காட்டுக்குக் கேட்கிறது. உறங்கும் புலியை எழுப்பக் கல்லெறியும் பிள்ளையின் கையைப் பெற்றோர் மெல்லப் பற்றித் தடுக்கட்டும். “அது காட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறது; நாமும் சற்று அமைதியாயிருப்போம்” என்று சொல்லிக் கொடுக்கட்டும். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களுக்கு நாம் செலுத்தும் குறைந்த அளவு மரியாதை அதுவே.