தூதாகிய விமானி

யுத்த காலத்துக் குண்டுவீச்சு விமானியின் பெருமையை அவன் அழித்த நகரங்களின் தொகையால் அளப்பது உலக வழக்கு. அவ்வளவுகோலுக்குள் அடங்காத விமானியும் வரலாற்றில் உண்டு. கனடா நாட்டு வான்படையைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் அத்தகையவர். அவர் செலுத்தியது குண்டுவீச்சுக்கும் ரோந்துக்கும் உரிய கற்றலீனா என்னும் நீர் விமானம். ஆயினும், இலங்கை வரலாற்றில் அவருக்கு இடம் தேடித் தந்தது அவர் வீசிய குண்டு அன்று. அவர் அனுப்பிய செய்தியேயாகும்.

1915ஆம் ஆண்டு ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்த பேர்ச்சல், கிங்ஸ்ரன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியிற் பயின்று, 1937இல் வான்படையிற் சேர்ந்தார். 1942ஆம் ஆண்டு தொடங்கியபோது கீழைத்தேயங்களின் நிலை கவலைக்கிடமாயிருந்தது. பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அடுத்த இலக்கு இலங்கையே என்ற அச்சம் எங்கும் பரவியது. அந்நிலையில் ஸ்கொத்லாந்தின் வடபாலுள்ள செற்லாந்துத் தீவுகளிலிருந்த 413ஆம் படையணி, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை ஏரிக்கு அனுப்பப்பட்டது. பேர்ச்சல் அங்கு வந்திறங்கியது ஏப்பிரல் 2ஆம் திகதி. இரண்டு நாள்களின் பின், 4ஆம் திகதி விடியுமுன்னரே, எட்டுத் தோழர்களுடன் தென்கடலை நோக்கிப் புறப்பட்டார்.

பகல் முழுவதும் தேடியும் எதுவும் தென்படவில்லை. திரும்ப வேண்டிய மாலை வேளையில், இலங்கைக்குத் தெற்கே சுமார் 350 மைல் தொலைவில், அடிவானத்திற் சில புள்ளிகள் தோன்றின. அவை எவருடைய கப்பல்கள் என அறிய வேண்டுமாயின் அருகே செல்ல வேண்டும். அருகே சென்றால், மெதுவாகப் பறக்கும் கற்றலீனா தப்புதல் அரிது. இதனை அறிந்தே அவர் விமானத்தை அத்திசையிற் செலுத்தினார். அங்கே ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட யப்பானியப் பெருங்கடற்படை இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கப்பல்கள் இருக்கும் இடத்தையும் செல்லும் திசையையும் கொழும்புக்கு அறிவிக்கும் பணி தொடங்கியது. விதிப்படி செய்தியை மூன்று முறை அனுப்புதல் வேண்டும். மூன்றாம் முறை முடியுமுன்னரே யப்பானியப் போர் விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. தீப்பற்றிய விமானம் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். அறுவரை யப்பானியக் கப்பலொன்று கைதுசெய்தது. செய்தி அனுப்பினீர்களா எனக் கேட்டு அவர்களை அடித்தனர். அவர்களோ இல்லை என்றே மறுத்தனர்.

மறுநாள் ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையிற் சுமார் 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. செய்தி கிடைத்தும் நகரம் முற்றாகக் காப்பாற்றப்பட்டது எனல் பொருந்தாது. ராடார் உரிய வேளையில் எச்சரிக்கவில்லை. இரத்மலானையிலிருந்த விமானங்கள் எதிரி தலைக்குமேல் வந்த பின்னரே மேலெழுந்தன. துறைமுகத்தில் ரெனெடோஸ், ஹெக்ரர் ஆகிய கப்பல்கள் அழிந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டுகள் வீழ்ந்தன. கொழும்பிலிருந்து முன்னதாகவே புறப்பட்டுச் சென்ற கோர்ன்வால், டோர்செற்சயர் என்னும் போர்க்கப்பல்கள் இரண்டும் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட, நானூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனினும், செய்தியின் பயனாகத் துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்தன. பீரங்கிப் படையினரும் விமானிகளும் ஆயத்த நிலையில் வைக்கப்பட்டிருந்தனர். பேர்ள் துறைமுகம் போன்று கொழும்பு உறக்கத்திற் சிக்கவில்லை.

தன் உயிருக்கே கேடு வரினும் செய்தியைக் குறைவின்றிச் சேர்ப்பவனே தூதன் என்பது, குறளின் தூது அதிகாரம் உணர்த்தும் கருத்து. தூதனின் கடமை செய்தியைச் சேர்ப்பதோடு முடிகின்றது. அதனைப் பெற்றவர் எவ்வளவு பயன்படுத்தினர் என்பது அவன் கையில் இல்லை. கொழும்பின் குறைபாடுகளைக் கொண்டு பேர்ச்சலின் செயலை மதிப்பிடுதல் இதனால் முறையாகாது.

பேர்ச்சலின் பண்பு முழுமையாக வெளிப்பட்டது அதன் பின்னரே எனலாம். 1945 வரை மூன்றாண்டுகளுக்கு மேலாக அவர் யப்பானிற் போர்க்கைதியாக இருந்தார். வானத்திற் கழித்த அந்த ஒரு பகலை உலகம் நினைவிற் கொண்டது. முகாமிற் கழித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட நாள்களை அவருடன் இருந்த கைதிகளே அறிவர். அங்கே அதிகாரிகள் இறுதியாகவே உணவு பெற்றனர். அதிகாரியின் தட்டில் கூடுதலாக இருக்கின்றது எனக் கருதும் எந்தக் கைதியும் தன் தட்டை அதனோடு மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி இருந்ததைப் பிற்காலத்தில் அவர் எடுத்துரைத்தார். 1944இல், நோயாளிகளையும் வேலைக்கு அனுப்புவதை எதிர்த்துக் கைதிகளின் வேலை மறுப்பை அவர் முன்னின்று நடத்தினார். அதன் பயனாகக் கொடிய அடியும் தண்டனை முகாமும் அவருக்குக் கிடைத்தன. கைதிகள் பட்ட கொடுமைகளை அவர் இரகசியமாக நாட்குறிப்புகளில் எழுதி வைத்தார். யுத்தக் குற்ற விசாரணைகளில் அவை சான்றாயின.

1946இல் அரச விருது பெற்ற அவர், 1963 முதல் 1967 வரை தாம் பயின்ற இராணுவக் கல்லூரிக்கே தலைமை தாங்கி, 2004ஆம் ஆண்டு செப்ரெம்பரிற் காலமானார். 'இலங்கையின் மீட்பர்' என்ற பட்டப்பெயர் இறுதிவரை அவரைத் தொடர்ந்தது.

அப்பட்டம் மிகையென்று கூறுவோர் கூறலாம். ஆனால், 1942 ஏப்பிரல் 4ஆம் திகதி மாலை மருதானைத் தெருக்களில் வழமைபோல் நடமாடியோர், தமக்காகத் தென்கடலில் ஒருவர் எரியும் விமானத்தோடு வீழ்ந்ததை அறிந்திருக்கவில்லை. அவரும் அவர்களுள் எவரையும் அறிந்திருக்கவில்லை. இத்தீவுக்கு வந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன. முன்பின் அறியாத மக்களுக்காகத் தம்மை ஆபத்தின் அருகே செலுத்திய அந்தத் துணிவே, பின்னர் முகாமில் நோயாளிக்கும் அடிப்பவனுக்கும் இடையே அவரை நிறுத்தியது. பேர்ச்சலின் வாழ்வை அளப்பதற்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் வேறில்லை.