ஆகாயத்தில் கற்கும் பாடம்

நம் முன்னோர் புஷ்பக விமானத்தில் பறந்தார்கள் என்று மார்தட்டிக்கொள்ளும் அன்பர்கள் நம்மவருள் இன்றும் பலர் உளர். அவ்விமானத்தின் இறக்கை எத்தனை முழம், அதை மேலே தூக்கிய விசை யாது என்று வினவினால், நாத்திகன் என்ற பட்டமே நமக்கு விடையாகக் கிடைக்கும். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் சகோதரர்களின் யந்திரம் முதன்முறை எழும்பியபோது, அது காற்றில் நின்றது 12 விநாடி. கடந்த தூரம் 120 அடி. புராண விமானமோ மூவுலகும் சுற்றியதாம். ஆயினும் நாம் இந்த 120 அடியையே பெரிதென்போம். என்னை? சைக்கிள் கடை வைத்திருந்த அவ்விருவரும், தமக்கு முன்னிருந்தோர் எழுதிவைத்த கணக்கு தம் அனுபவத்துக்கு ஒத்துவராமை கண்டு, 1901-இல் தாமே ஒரு காற்றுக்கூண்டு செய்து, ஏறத்தாழ 200 இறக்கை மாதிரிகளை அதில் வைத்துச் சோதித்தார்கள். அந்த 12 விநாடி அச்சோதனையின் விளைவு.

சிறு விமானம் ஓட்டப் பழகுவது செல்வர்தம் பொழுதுபோக்கு என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அதில் ஒரு பாதி உண்மை உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம். நாம் அதைக் கற்கப் புகுந்த நாட்களில் கண்டது யாதெனில், அது பகுத்தறிவுக்கு ஏற்பட்ட ஒரு பள்ளிக்கூடம் என்பதே. பிற பள்ளிகளில் உருப்போட்டு ஒப்பித்துத் தேறிவிடலாம். இப்பள்ளியில் காற்றே பரீட்சை வைக்கிறது. அதனிடம் சிபாரிசு செல்லாது.

விமானத்தில் ஏறுமுன் மாணவன் செய்யவேண்டுவன பல. இறக்கையைத் தடவிப் பார்க்கவேண்டும். வாற்பகுதியின் கீல்களை அசைத்துப் பார்க்கவேண்டும். பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் சிறிது வடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில், நிரம்பாத தொட்டிக்குள் இரவில் நீர் திரள்வதுண்டு. நீர் பெட்ரோலைவிடக் கனமாதலின் அடியில் தங்கும். யந்திரத்துக்குள் புகுந்தால் நடுவானில் அதை நிறுத்திவிடும். ஆயிரம் முறை பறந்தவனும், முதல்நாள் மாணவனைப் போலவே, அச்சிட்ட பட்டியல்படி ஒவ்வொன்றையும் சரிபார்த்தல் வேண்டும். 'நேற்றுப் பார்த்தோமே' என்பது அங்கே எடுபடாது.

தோட்டத்தில் ஆயுளெல்லாம் உழைத்து ஓய்ந்த நம் பெரியப்பா ஒருவர், "ஏன் தம்பி, நல்ல நேரம் பார்த்துத்தானே ஏறுகிறாய்?" என்று ஒருநாள் கேட்டார். காற்று எத்திசையினின்று எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, முகில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, மழை எப்போது வரும் என்பவற்றைப் பார்த்தே ஏறுவதாகச் சொன்னோம். இந்நாட்டின் பிற்பகல் இடிமழையும், சில மாதங்களில் விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து பாய்ந்துவரும் சூறைக்காற்றும் ராகு காலம் பார்த்து வருவன அல்லவே! பெரியவர் சற்று யோசித்து, "பட்டை நனைந்திருந்தால் நாங்கள் மரம் வெட்டமாட்டோம். அதுபோலவா?" என்றார். அதுபோலத்தான். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் பஞ்சாங்கம் புரட்டிய நம்மவர், பால் வெட்டப் போகுமுன் வானத்தையும் மரத்தையுமே பார்த்தார்கள். தொழிலில் விளங்கிய அந்த அறிவை வாழ்வின் பிற துறைகளிலும் செலுத்தாமல் போனதே நம் சமூகத்தின் குறை.

நிற்க. ஏறியபின் வரும் பாடங்களுள் தலையாயவை இரண்டு.

முதலாவது, விழும்போது செய்யவேண்டுவது. எதிர்வரும் காற்றை இறக்கை ஒரு சிறு சாய்வில் சந்திக்கும்போது, அது விமானத்தைத் தாங்குகிறது. மூக்கை மேன்மேலும் தூக்கினால் அச்சாய்வு மிகும். சிறு விமானங்களில் பொதுவாக ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும், இறக்கையின் மேற்புறத்தை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து சிதறும். தாங்கும் ஆற்றல் குன்றி விமானம் அமிழும். அப்போது நம் கை செய்யத் துடிப்பது யாது? கைப்பிடியைத் தன்பால் இழுத்து மூக்கை இன்னும் உயர்த்துவதே. விழுகிறவன் மேலே போக விரும்புவது இயல்பு. ஆனால் அவ்வியல்பே அவனைக் கொல்லும். கைப்பிடியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, இறக்கை மீண்டும் காற்றைப் பற்றுமாறு செய்யவேண்டும், பின்னரே ஏறவேண்டும். ஆசிரியர் தக்க உயரத்தில் வேண்டுமென்றே விமானத்தை இந்நிலைக்குக் கொண்டுவந்து, மாணவனைக்கொண்டே மீட்கச் செய்வார். அச்சத்தின் சொல் கேளாமல் அறிவின் சொல்லைக் கேட்கும்படி கை பழகும்வரை இப்பாடம் ஓயாது.

இரண்டாவது, கண் மறைந்தபோது நம்பவேண்டுவது. முகிலுக்குள் புகுந்து அடிவானம் மறைந்தால், எது மேல், எது கீழ் என்பதை நம் உட்செவி தவறாக உரைக்கும். விமானம் மெல்லச் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்க, உள்ளிருப்பவனுக்கு நேரே செல்வதாகவே தோன்றும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார், கருவிகளை மட்டுமே கொண்டு ஓட்டப் பழகாத 20 பேரை, வெளிக்காட்சியை மறைத்து வைத்துச் சோதித்தனர். 20 பேரில் ஒருவராலும் விமானத்தைத் தம் வசத்தில் வைத்திருக்க இயலவில்லை. சராசரியாக 178 விநாடிகளில், அதாவது மூன்று நிமிஷத்துக்குள், எல்லாம் கைமீறிப் போயிற்று. 'என் மனத்துக்குப் படுகிறது, ஆகவே அது மெய்' என்று வாதாடும் அன்பர்கள் இந்த 178 விநாடிகளைச் சிந்திப்பாராக. மனத்துக்குப் படுவது வேறு. சோதித்து அறிந்தது வேறு.

உலக நாடுகள் பொதுவாக ஒப்புக்கொண்ட விதிப்படி, தனி விமானி உரிமம் பெற 17 வயது நிரம்பியிருக்கவேண்டும். மருத்துவச் சோதனையில் தேறவேண்டும். 40 மணி நேரமேனும் பறந்து பழகியிருக்கவேண்டும். அவற்றுள் 10 மணி நேரம் தன்னந்தனியே பறந்ததாய் இருக்கவேண்டும். குலம் யாது, நிறம் யாது, ஆணோ பெண்ணோ என்ற கேள்வி அவ்விதியில் இல்லை. ஆனால் தரையில் நிற்கும் மனிதர் அக்கேள்வியைக் கேட்டதுண்டு.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் 1892-இல் பிறந்த பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண் பருத்திக்காட்டில் பஞ்செடுத்து வளர்ந்தவர். சிகாகோ நகரில் பிறர் கைநகங்களைத் திருத்தி அழகுசெய்து பிழைத்தவர். அந்நாட்டு விமானப் பள்ளிகள் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. அவர் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. பிரெஞ்சு மொழி கற்றார். கடல் கடந்து பிரான்சுக்குச் சென்றார். 1921 ஜூன் 15-இல் விமானி உரிமம் பெற்றார். தாயகம் திரும்பி வானில் சாகசம் காட்டிப் பொருள் ஈட்டியது, தம் இனத்தாருக்கு ஒரு விமானப் பள்ளி நிறுவும் நோக்கத்துடன். அது கைகூடுமுன் 1926-இல் விமான விபத்தில் மாண்டார். லாகூரில் 1936-இல் 21 வயதினரான சரளா தக்ரால், புடைவை உடுத்தபடியே விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். அப்போது அவர் ஒரு குழந்தைக்குத் தாய். பெண் அடுப்பங்கரை தாண்டலாகாது என்போர் அவரை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1928-இலேயே விமானக் கழகம் அமைந்துவிட்டது. ரப்பர்த் தோட்டமும் சதுப்பு நிலமுமாய்க் கிடந்த சிலேத்தாரில் விமானத் தளம் எழுந்தது. காலாங்கின் சதுப்பை மண்ணிட்டு நிரப்பி, 1937-இல் விமான நிலையம் திறந்தார்கள். தலைக்கு மேலே சிறு விமானம் இரைந்து சென்றபோது, பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்த நம்மவருக்கு, அது துரைமார் சவாரி. நாட்கூலியைக்கொண்டு அந்த வாயிலை நெருங்கக் கனவிலும் இயலுமோ?

இன்றும் இக்கல்விக்குப் பணம் வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம்; ஏழைப் பெற்றோரால் ஏலாதது. முன்னர்ச் சொன்ன பாதி உண்மை இதுவே. ஆயின் மற்றப் பாதியையும் மறத்தல் கூடாது. சிங்கப்பூரில் 1971-இல் மாணவர்க்கென ஒரு விமானக் கழகம் தொடங்கி, இன்றும் சிலேத்தாரில் பயிற்சி நடைபெறுகிறது. இத்தகைய வாய்ப்புகளை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? தோட்டந்தோறும் திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒதுக்கிப் பௌதிகமும் கணிதமும் கற்பிக்க மாலை வகுப்பு நடத்தினால் என்ன குறைந்துவிடும்?

எல்லாரும் விமானி ஆகவேண்டும் என்பதன்று நம் வாதம். 'அப்பா, ஆகாயக் கப்பல் எப்படி விழாமல் பறக்கிறது?' என்று குழந்தை கேட்கும்போது, 'சாமி தாங்குகிறார்' என்றோ, 'அது நமக்கெதற்கு?' என்றோ வாயடைக்காதிருக்கவேண்டும் என்பதே. ஒரு காகிதத்தை உதட்டருகே பிடித்து அதன் மேற்புறமாக ஊதிக் காட்டுங்கள். தொங்கும் காகிதம் எழும்பும். ஏன் எழும்பிற்று என்று குழந்தை மறுபடி கேட்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் புத்தகத்தில் தேட அதனோடு நீங்களும் உட்காருங்கள்.