எள் இல்லாத சனிக்கிழமை

மே 3, சனி

திருநள்ளாறு பஸ்ஸில் இன்றும் நிற்க இடமில்லை. காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். சனிக்கிழமை வந்தால் போதும், எள் விளக்கு, எள் சாதம், நளதீர்த்தத்தில் முழுகத் தலையில் நல்லெண்ணெய் என்று அந்தப் பக்கம் முழுக்க எள் வாசம்தான். இந்த ஊரில் பிறந்த பையனுக்கா எள் ஆகாமல் போகவேண்டும்! சனீஸ்வரன் விளையாடுகிறார் என்பார் அத்தை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வர இரண்டு வருஷம் ஆயிற்று.

சின்னவனுக்கு அப்போது நாலு வயசு. விசேஷ வீடொன்றில் ஒரே ஒரு முறுக்கு தின்றான். பத்து நிமிஷத்தில் காது மடல் சிவந்தது, உதடு வீங்கியது, பிறகு நிற்காத இருமல். சூட்டுக்கு வந்த தடிப்பு, மோர் கொடு என்றார்கள். ஆட்டோ பிடித்து ஓடினோம். தொடையில் போட்ட ஊசிக்குப் பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது. அட்ரினலின் ஊசி அது. தடிப்போடு இருமலோ வாந்தியோ மயக்கமோ சேர்ந்தால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்றோடு வீட்டில் நல்லெண்ணெய் நின்றது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் எள்ளின் புரதமும் கூடவே இறங்கிவிடும். சனிக்கிழமைக் குளியலுக்கு இப்போது தேங்காய் எண்ணெய்தான். அத்தை இன்னும் முணுமுணுக்கிறார்.

மே 5, திங்கள்

லீவு விட்டாயிற்று, பகலெல்லாம் கொறிக்க ஏதாவது வேண்டும். கடையில் பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கடைக்காரர் பொறுமைசாலி.

2020ஆம் வருஷத்து உணவு லேபிள் விதிப்படி நம் நாட்டில் எட்டு வகை ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். கோதுமை போன்ற தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்ற கொட்டைகள், சோயா, சல்பைட். எட்டில் எள் இல்லை! ஐரோப்பாவின் பதினான்கில் எள் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாகச் சேர்த்துவிட்டார்கள். எள்ளுருண்டை தின்று வளர்ந்த நாட்டுப் பட்டியலில்தான் அதைக் காணோம். அதனால் ‘கொண்டுள்ளது’ என்ற தடித்த எழுத்து வரியோடு நிறுத்தாமல், மேலே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்துத்தான் வாங்குகிறேன். கண்ணாடி மாற்ற வேண்டும்.

மே 8, வியாழன்

இட்லிப் பொடி அரைத்தேன். உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், ஒரு கை கறிவேப்பிலை. எள்ளுக்குப் பதிலாகக் கொப்பரைத் துருவலை வெறும் சட்டியில் சிவக்க வறுத்துச் சேர்த்தால் எள் தரும் அந்த எண்ணெய்ப் பிடிப்பு வந்துவிடுகிறது. முறுக்குக்கு ஓமம். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிரசம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. எள் தூவாத அதிரசம் மொட்டைத் தலையாகத் தெரிகிறது.

பழைய மிக்ஸி ஜாரைப் பெரியவள்தான் கழுவினாள். ரப்பர் வாஷரைக் கழற்றினால் அடியில் நாலு எள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை வருஷத்து எள்ளோ! அந்த ஜார் ஓரகத்தி வீட்டுக்குப் போகிறது.

மே 11, ஞாயிறு

சாயங்காலம் பிள்ளைகளோடு கடற்கரை. அரசலாறு கடலில் விழும் பக்கம் மணல்மேட்டில் இராவணன் மீசை காய்ந்து கிடந்தது. முள்ளுப் பந்து மாதிரி அதன் கதிர்கள். ஆளுக்கு ஒன்றைப் பொறுக்கிக் கோட்டில் வைத்துவிட்டால் கடற்காற்றே ஓட்டிக்கொண்டு போகும். நாங்கள் பின்னால் ஓட வேண்டியதுதான். செலவில்லாத பந்தயம். விரலில் குத்தும், அதற்கு அழுகையும் உண்டு. திரும்பும்போது சவுக்குக் காய் ஒரு பை, செத்த சிப்பி பத்துப் பன்னிரண்டு. எருக்குப் பக்கம் மட்டும் விடவில்லை. அந்தப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கோதுமை ஆகாது. அவள் கையில் கடையில் விற்கும் கலர் மாவைக் கொடுக்க முடியாது. அதில் பெரும்பாலும் கோதுமைதான். ஆற்றங்கரைக் களிமண்ணைப் பிசைந்து கொடுத்தேன். சவுக்குக் காயைச் செருகி முள்ளம்பன்றி செய்துவிட்டார்கள்.

மே 17, சனி

இன்று பிள்ளைகள் எட்டுப் பேர். கொல்லைப் பூவரசில் கைக்கு எட்டிய இலையெல்லாம் காலி.

பாதி இலை பீப்பிக்கு. காம்பைக் கிள்ளிவிட்டு ஓரத்திலிருந்து சுருட்டி, ஒரு முனையை விரலால் லேசாக நசுக்கி ஊதினால் சத்தம் வரும். ஒல்லியாகச் சுருட்டினால் கீச்சென்றும், தடியாகச் சுருட்டினால் எருமை மாதிரியும். எட்டுப் பீப்பியும் ஒன்றாக ஊதியதில் அத்தை ரேடியோவை நிறுத்திவிட்டார்.

மீதி இலை கொழுக்கட்டைக்கு. வறுத்த பச்சரிசி மாவு, வெல்லப் பாகு, தேங்காய்த் துருவல், ஏலம், துளி உப்பு. எள்ளில்லை, கோதுமையில்லை, பாலில்லை. இலையில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவி, மாவை விரலால் மெல்லிசாகத் தட்டி இரண்டாக மடித்து இட்லிப் பானையில் கால் மணி நேரம். மடித்ததெல்லாம் பிள்ளைகள்தான்; அடுப்புப் பக்கம் மட்டும் நான். ஆறிய பிறகு இலையைப் பிரித்தால் மாவின் மேல் ஒவ்வொரு நரம்பும் அச்சாக விழுந்திருக்கிறது. சின்னவன் தின்னாமல் அந்த நரம்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

யாருக்கும் தனித் தட்டு இல்லை. எட்டுப் பேரும் ஒரே தாம்பாளத்தில் கைவைத்தார்கள். இரண்டு வருஷமாக விசேஷ வீடுகளில் என் பிள்ளை டிபன் பாக்ஸோடு மூலையில் உட்கார்ந்ததைப் பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆறு மணிக்கு எதிர்வீட்டு அம்மா அதிரச டப்பாவோடு வந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் சின்னவன், “இதுல எள்ளு இருக்கா அத்தே?” என்றான்.

“இருக்குடா கண்ணு. மறந்தே போயிட்டேனே!”

“பரவால்ல. கொழுக்கட்ட சாப்பிடுங்க.”

அதிரச டப்பா மேல்தட்டில் இருக்கிறது. இரண்டு பெரியவளுக்கு, மிச்சம் அவள் அப்பாவுக்கு. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பையனைத் தொட வேண்டும்.