திரையும் குரலும்

திரையரங்கின் வெண்திரையில் நுண்ணிய துளைகள் உண்டு. பின்னே ஒலிபெருக்கி நிற்பதால், நடிகரின் வாயிலிருந்தே சொல் பிறப்பதாகத் தோன்றும். வீட்டுத் தொலைக்காட்சிக்கோ துளையில்லை. ஆதலால் நடு ஒலிபெருக்கியைக் கீழ்த்தட்டின் உட்புறத்தே வைத்திருந்தோம். செவி மந்தமான எமது அன்னையார், "முகம் மேலை, கதை அலுமாரிக்குள்ளை, ஒண்டும் விளங்கேல்லை, தம்பி" என்று எழுந்து போய்விடுவார். நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

ஒருநாள் அப்பெட்டியைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தின் கீழ் மரத்துண்டொன்றை வைத்து, இருப்போர் செவியை நோக்குமாறு நிமிர்த்தினோம். இடவல வேறுபாட்டை அறியுமளவுக்கு மேல்கீழ் வேறுபாட்டை மனிதச் செவி நுட்பமாய் அறிவதில்லை. எஞ்சிய இடைவெளியைக் கண்ணே நிரப்பிவிடும்.

அன்று படம் முடியும்வரை அன்னையார் எழவில்லை. ஒரு சிறு மரத்துண்டு! முன்னரே வைத்திருக்கலாமே என்று எமது நெஞ்சு உறுத்தியது.