பளபளப்பு பூசுறது இல்ல, எடுக்கிறது

"கட் அண்ட் பொலிஷ்" என்றதும் வாகனத்துக்கு மேல ஏதோ ஒன்றைப் பூசிப் பளபளக்க வைக்கிறாங்க என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறாங்க. வேலை நேர்மாறானது. பூசுறதை விட எடுக்கிறதுதான் அதிகம்.

நாங்க மூன்று பேர், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். கொழும்பில சேர்விஸ் ஸ்டேஷன்களில் வாகனம் கழுவிக் கழுவி இந்த வேலையைப் பழகினோம். இப்போ ஊரில ஒரு தகரக் கொட்டகைக்குள்ள, ஒரே ஒரு மெஷினை வச்சுக்கிட்டு செய்றோம்.

இப்போதைய வாகனங்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் ஒன்று இருக்கும். பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். 1 மில்லிமீற்றருக்கு 1,000 மைக்ரோன் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்க. வெயிலில் தெரியிற சிலந்தி வலை மாதிரியான கீறல் எல்லாம் இந்தப் படலத்தில்தான் விழுது. கொம்பவுண்ட் போட்டு மெஷினை ஓட்டும்போது, கீறலின் ஆழத்துக்கு அதைச் சுற்றியுள்ள இடமும் தேய்ஞ்சு சமமாகுது. மேடுபள்ளம் இல்லாததால வெளிச்சம் சிதறாமல் நேராகத் திரும்புது. அதைத்தான் நாம பளபளப்பு என்கிறோம். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், மறுபடி வளராது.

நுவரெலியாவில இன்னமும் ஓடுற பழைய மொரிஸ் மைனர் கார்களில் இதைக் கண்ணாலயே பார்க்கலாம். அந்தக் காலத்து முறையில் அடிச்ச பெயிண்டுக்குக் கிளியர் கோட் கிடையாது. பச்சைக் காரைத் தேய்ச்சா பேட் பச்சையாகும். புதுக் காரில் பேட்டில நிறம் ஒட்டாது. அதனால எதுவும் குறையாத மாதிரி ஒரு நினைப்பு வரும்.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி அனுமதி கிடைச்சது 2025 பெப்ரவரியில. இடைப்பட்ட காலத்தில பழைய வேனுக்கும் புது வேன் விலை. விற்கிறவங்க எல்லாருக்கும் "புதுசு மாதிரி" வேணும்.

அப்படி ஒரு அண்ணன் வேன் கொண்டு வந்தார். லீசிங் கட்ட முடியாமல் விற்கப் போறார். பெயிண்ட் தடிப்பை அளக்கிற மீற்றரை வச்சுப் பார்த்தோம். கதவுகளில் 120 மைக்ரோன் அளவு, பொனட்டில் 75. யாரோ முன்னாடியே பல தடவை தேய்ச்சிருக்காங்க. இன்னும் எடுத்தா நிறமே வெளியில வந்துரும், பிறகு வெயிலும் மழையும் அதைச் சும்மா விடாது. "பொனட்டில கொம்பவுண்ட் போட மாட்டோம் அண்ணே, மெழுகு மட்டும் போட்டுத் தாறோம்" என்றோம்.

"அப்ப கீறல் மறையிறதுக்கு எண்ணெய் மாதிரி ஒன்று போடுவாங்களே, அதைப் போடுங்க தம்பி. வாங்குறவன் வீட்டுக்குப் போற வரைக்கும் நின்னா போதும்."

அப்படி ஒன்று இருக்கிறது உண்மைதான். கீறலை நிரப்பி மறைக்கும், சில தடவை கழுவினா போயிரும். அந்த வாரம் எங்களுக்கு வேற வேலையும் இல்ல. எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. "அவருக்கும் கடன், நமக்கும் கடன். இதில யாருக்கு நட்டம்?" என்றான் ஒருத்தன். வாங்கப் போறவனுக்குத்தான். அவனும் நம்மள மாதிரி லீசிங் போட்டுத்தானே வாங்குவான்?

பெரிய ஆட்கள் வர்ற நாளில லயத்தின் முன்பக்கச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவங்க நாங்க. கூரை அப்படியே ஒழுகும். அதே வேலையை நம்ம கையால செய்ய மனசு வரல. அண்ணன் வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். அந்த மாதம் கடைக் கணக்கு கடனிலதான் ஓடிச்சு.

வாகனம் வச்சிருக்கிறவங்களுக்கு ஒன்று சொல்லணும். பனி விழுந்த காலையில காய்ஞ்ச துணியை எடுத்துத் துடைக்காதீங்க. அந்த ஈரத்தோட சேறும் மணலும் இருக்கு, கீறுறது அதுதான். முதல்ல தண்ணி ஊற்றிச் சேற்றை இறக்குங்க. சவர்க்காரத் தூள் வேணாம், கார் ஷாம்பு போடுங்க. ரெண்டு வாளி வைங்க: ஒன்றில ஷாம்பு, மற்றதில துணியை அலச வெறும் தண்ணி. இப்படிச் செஞ்சா எங்க மெஷினுக்கு வேலை குறையும். குறையட்டும். உங்க வேனில அந்தப் படலம் மிச்சம் இருக்கட்டும்.